செயலாளரின் பாவாடை

அட்வகேட் அனந்தராமனுக்கு நீச்சல் தெரியாது. அது ஒரு குற்றமில்லை. மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் நீச்சலைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. தெரியாத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்வதை வக்கீல் தொழிலுக்கு அடுத்த தொழிலாகவே அவர் நடத்தி வந்தார். கல்யாணமான நாள் முதல் அதை உட்கார்ந்து கேட்பது அவர் மனைவி விசாலாக்ஷியின் தொழில்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரனின் தோட்ட பங்களாவை மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கூட்டாக வாங்கினார்கள். பங்களா அடையாற்றில் இருந்தது. வாசலில் ‘ஜல விஹார சங்கம்’ என்று போர்டு மாட்டினார்கள், ஏனென்றால் தோட்டத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. ரிடையரான ஜட்ஜ் பத்ரிநாராயணன் தலைவர், அனந்தராமன் செயலாளர். அங்கத்தினர்களில் வக்கீல் உண்டு, டாக்டர் உண்டு, தோல் மண்டி முதலாளி உண்டு. நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே கமிட்டி முதல் கூட்டத்திலேயே நீச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு, உடையைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

விசாலாக்ஷிக்கு நீந்தத் தெரியும். மந்தைவெளியில் அவள் பிறந்த வீட்டுத் தோட்டக் கிணற்றில் அண்ணன் கற்றுக்கொடுத்திருந்தான். வரன் பார்க்க ஆரம்பித்ததும் அது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர் என்பது செம்பால் மொண்டு தலையில் விட்டுக்கொள்கிற சமாசாரம் ஆகிவிட்டது. குளத்தோடு பங்களா வாங்கியாயிற்று என்று கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. மல்லாந்து மிதக்க வேண்டும். இரண்டு காதிலும் தண்ணீர் புகுந்து, உலகத்துப் பேச்செல்லாம் அடைபட வேண்டும். முக்கியமாக அட்வகேட்டின் பேச்சு.

“சனிக்கிழமை கார்த்தால மட்டும் ஸ்திரீகளுக்குன்னு விடுங்கோளேன். நானும் ஷரஃபுதீன் சாகிபோட சம்சாரமும் போறோம். அவாளுக்கு நான் சொல்லித் தரேன்” என்று கேட்டாள்.

தோல் மண்டி ஷரஃபுதீனின் மனைவி நஸ்ருன்னிசா, யுத்த காலத்தில் பட்டாளத்தார் காலுக்குக் கம்பளி மேஜோடு பின்னுகிற வகுப்பில் விசாலாக்ஷிக்குச் சிநேகிதியானவள். கோஷா, அந்நிய ஆண்கள் கண்ணில் படாதவள். ஆனால் கோஷாவுக்குள்ளே இருந்துகொண்டு ஊரையே எடை போடுகிற கண் அவளுக்கு.

அனந்தராமன் மறு நாளே கமிட்டியில் வைத்தார். கமிட்டி தாடையைத் தடவிற்று. இடுப்பைத் தடவிற்று. கடைசியில் ஒரு தீர்மானம் போட்டது. குளத்தில் இறங்கும் ஆண், பெண் சகலரும் கௌரவமான ஒரே மாதிரியான ‘சங்க உடை’ அணிய வேண்டியது. அந்த உடை தண்ணீருக்குள்ளும் கௌரவமாக இருக்கிறதா என்று முதலில் ஓர் ஆண் இறங்கிப் பரீட்சை பார்க்க வேண்டியது. பரீட்சை தேறினால் பெண்களுக்குச் சனிக்கிழமை காலை. தேறாவிட்டால் இல்லை.

இந்தச் சங்க உடை அனந்தராமனின் சொந்த மூளையில் உதித்தது என்று அவர் சொல்லிக்கொண்டார். அது உதித்தது மூர் மார்க்கெட்டில். அங்கே பழைய புஸ்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை வாங்கி வந்தார். அதில் கடற்கரையில் நாலு பேர் நிற்கிற படம். நாலு பேரும் முழங்கை வரை சட்டை, முழங்கால் வரை பாவாடை, ஓரத்தில் வெள்ளை நாடா. மூன்று பேருக்குக் கூந்தல் இருந்தது. நாலாவது ஆள் தொப்பிக்குள் தலையை முழுக்க மறைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“பார்த்தியா? லண்டன்ல ஆம்பளையும் இதைத்தான் போட்டுக்கறான். நம்ம ஜனங்கள் கோவணத்தைக் கட்டிண்டு குதிக்கறதுகள். பார்க்கச் சகிக்கலை” என்றார் அனந்தராமன்.

விசாலாக்ஷி அந்தப் பத்திரிகையை நஸ்ருன்னிசாவிடம் காட்டினாள். நஸ்ருன்னிசா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னா விசாலம்மா, இந்தத் தொரைக்குக் காதுல லோலாக்கு தொங்கிக்கினு கீதே!”

விசாலாக்ஷி உற்றுப் பார்த்தாள். லோலாக்கேதான். லோலாக்குக்குக் கீழே சந்தேகத்துக்கு இடமில்லாத மார்பும் இருந்தது. அதோடு அந்தப் பத்திரிகை எப்படியும் நாற்பது வருஷத்துப் பழசாக இருக்கும். படத்தின் மூலையில் நின்ற வண்டியில் குதிரை பூட்டியிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் இளவயதில் போட்டுக் கழித்த துணியை மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் நாகரிகம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்.

“உங்க வக்கீல் கைல சொல்லிடுங்க. பொம்பளையப் பாத்து ஆம்பளன்னு நெனச்சிக்கினு கீறாரு” என்று சொல்லிச் சிரித்தாள் நஸ்ருன்னிசா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பாவாட? எங்க ஊட்டுல பைஜாமா கீது. கால்ல இறுக்கிக் கட்டிக்கினா தண்ணி இன்னா செய்யும்? மானத்தக் காப்பாத்தறோம்னு இவங்களக் கூப்பிட்டது யாரு?” என்றாள்.

விசாலாக்ஷி வீட்டுக்கு வந்து லோலாக்கைச் சொன்னாள். அனந்தராமன் படத்தைப் பார்க்கவே இல்லை. “இங்கிலீஷ்காரன் காதுல போட்டுக்கறான். உனக்கென்ன தெரியும்?” என்று வழக்கை முடித்துவிட்டார். தம் அப்பா காதில் போட்டிருந்த கடுக்கனையே அநாகரிகம் என்று சொல்லிக் கழற்ற வைத்த பிள்ளை அவர்.

லஸ்ஸுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பீர் முஹம்மது கருநீலத்தில் உடையைத் தைத்துக் கொடுத்தார். ஓரத்தில் வெள்ளை நாடா மறக்கவில்லை. அனந்தராமன் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். மீசை வைத்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணாடியில் திரும்பினாள். விசாலாக்ஷி வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொல்லைப்புறத்துத் தொட்டியில் ஒத்திகை நடந்தது. அனந்தராமன் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார். பாவாடை அவரோடு உட்கார மறுத்தது. காற்றை வாங்கிக்கொண்டு உப்பி மேலே வந்து, அவர் மார்பைச் சுற்றிப் பெரிய அப்பளமாக மிதந்தது. கீழே கோவணம் பளிச்சென்று தெரிந்தது. எதை மறைக்க அத்தனை கெஜம் துணி வெட்டினாரோ, அதைத் தண்ணீர் தட்டில் வைத்துக் காட்டிற்று. அவர் கையால் அமுக்கினார். முன்னால் அமுக்கினால் பின்னால் கிளம்பிற்று. பின்னால் அமுக்கினால் முன்னால். கொஞ்ச நேரம் அந்த மல்யுத்தம் நடந்தது.

விசாலாக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும் வந்தது. குளத்திலும் இப்படியானால் பரீட்சை போயிற்று. சனிக்கிழமையும் போயிற்று.

“ஏன்னா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. தினம் பூஜைக்குப் பஞ்சகச்சம் கட்டறேளே, அதையே கொஞ்சம் தூக்கி இறுக்கிச் சொருகிண்டு இறங்குங்கோ. காலுக்கு நடுவுல துணி போயிடுத்துன்னா தண்ணி அதைத் தூக்காது. கபாலி கோவில் குளத்துல எல்லாரும் அப்படித்தானே ஸ்நானம் பண்றா.”

“பஞ்சகச்சத்தோட கிளப்புலயா? சிராத்தம் பண்ணி வைக்க வந்தவன்னு நெனச்சுப்பா.”

“பாவாடையோட போனா என்னன்னு நெனச்சுப்பா?”

அனந்தராமன் தொட்டியிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்துக் காலை உலாத்தப் போன இடத்திலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக்கிறவர்கள் வலை உலர்த்துவதைப் பார்த்தாராம். வலை மிதக்காமல் அடியிலேயே நிற்பது ஏன் என்று ஒருவனைக் கேட்டாராம். பொட்டலத்தைப் பிரித்தார். வலையோரத்தில் கோக்கிற ஈயக் குண்டுகள்.

“இதை ஓரத்துல வரிசையாத் தைச்சுட்டா பாவாடை எப்படி மேலே வரும்? சொல்லு, எப்படி வரும்?”

“பாவாடை வராது. வலை அடியில நிக்கறது வாஸ்தவம்தான். அதுல மாட்டிண்ட மீனும் வெளியில வரதில்லையே.”

“நான் என்ன நீந்தவா போறேன்? நெஞ்சளவு ஜலத்துல நிக்கப்போறேன். கமிட்டி பார்க்கப்போறது. அவ்வளவுதானே!”

பீர் முஹம்மது ஈயத்தைப் பார்த்ததும், மெஷின் ஊசி உடையும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே விசாலாக்ஷியே கையால் தைத்தாள். இத்தனை மடத்தனமான காரியத்தை இத்தனை ஒழுங்காக அவள் ஜன்மத்தில் செய்ததில்லை. தையல் போடப் போட அவளுக்கு அவர் மேல் இளக்காரமும் தன் மேல் கோபமும் வந்தன. போகட்டும், நெஞ்சளவு தண்ணீரில் ஒரு பத்து நிமிஷம் பொம்மை மாதிரி நின்றுவிட்டு ஏறட்டும். சனிக்கிழமை கிடைத்தால் போதும் என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிலேச்சன் குளித்த குளமாயிற்றே என்று, முதலில் கணபதி ஹோமம் செய்து, கும்ப ஜலத்தைக் குளத்தில் சேர்க்க வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். ஹோமத்தில் செயலாளர் தம்பதி மணையில் உட்கார்ந்தார்கள். அனந்தராமன் பஞ்சகச்சம். விசாலாக்ஷி ஒன்பது கெஜம் மடிசார். ஹோமம் முடிந்ததும் அனந்தராமன், தண்ணீரில் இறங்குவதற்கென்றே முன்னோர்கள் யோசித்துக் கட்டின மாதிரி இருந்த அந்தப் பஞ்சகச்சத்தை அவிழ்த்து வைத்துவிட்டு, ஈயம் கோத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். இதை விசாலாக்ஷி மட்டும்தான் கவனித்தாள். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

குளத்தின் ஒரு பக்கம் மூங்கில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் ஸ்திரீகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. புகை அடங்கின பிறகு ஷரஃபுதீனின் மோட்டாரில் நஸ்ருன்னிசா வந்து விசாலாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

“யா அல்லா, லோலாக்கு ஒண்ணுதான் பாக்கி!”

நீச்சல் வாத்தியார் அன்று இல்லை. சங்கம் ஒருவரை வைத்திருந்தது உண்மைதான். அவருக்கும் சங்க உடை என்று சொன்ன அன்றே, பாவாடை கட்டிக்கொண்டு வீட்டில் முகத்தைக் காட்ட முடியாது என்று அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் பார்க்கலாம் என்று கமிட்டி குறித்து வைத்திருந்தது.

அனந்தராமன் படியில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பாவாடை மேலே வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு அடியிலேயே நின்றது. “வெரி டீசண்ட்!” என்றார் ஜட்ஜ் கரையிலிருந்து. விசாலாக்ஷி, கிடைத்துவிட்டது என்று நஸ்ருன்னிசாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த நிமிஷம் அட்வகேட் ஏறி வந்திருந்தால் அவள் அவரை மனதார மெச்சியிருப்பாள்.

அவர் ஏறவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேசாமல் ஏற அவருக்கு வராது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி, நாகரிகத்தைப் பற்றியும் ஸ்திரீகளின் மானத்தைப் பற்றியும் ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். ‘ஸ்திரீகளின் மானம்’ வந்த இடத்தில் கையை அகலமாக வீசி, ஓர் அடி பின்னால் வைத்தார்.

வைக்கப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஈயம் பாவாடையை இரண்டு காலோடும் சேர்த்துச் சுற்றிக்கொண்டுவிட்டது. அட்வகேட் மல்லாக்கச் சாய்ந்தார். தலை உள்ளே போயிற்று. எழுந்து நின்றால் நெஞ்சளவுதான் தண்ணீர். எழுந்து நிற்கக் கால் வேண்டுமே! இரண்டு காலும் ஒரு மூட்டையாகிக் கிடந்தன. கை மட்டும் வெளியே வந்து எதையோ பிடிக்கப் பார்த்தது.

கமிட்டி கை தட்டிற்று. முழுகிக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்து, “எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிறார், பாருங்கள்!” என்று ஒருவரிடம் சொன்னார்.

விசாலாக்ஷி தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியதும் குதித்ததும் ஒன்றாக நடந்தன. பட்டு ஒன்பது கெஜம் நனைந்தால் கனம்தான். ஆனால் கச்சம் போட்டுக் கட்டின துணி காலைப் பிடிக்காது. கிணற்றில் கற்ற உதை காலுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அட்வகேட்டின் சட்டைக் காலரைப் பற்றித் தலையை வெளியே இழுத்தாள். அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். ஓர் அறை விட்டாள். அறைந்ததில் அவர் சும்மா இருந்தார். படி வரை இழுத்துப் போட்டாள்.

கமிட்டி அப்போதுதான் கை தட்டுவதை நிறுத்திற்று. படி விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக் குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கிக்கொண்டிருந்த செயலாளரின் பாவாடை, ஈயத்தின் கனத்தில் முதுகுப் பக்கம் மடங்கித் தலையை மூடியிருந்தது. சங்க உடையின் கௌரவத்தை அங்கத்தினர்கள் எல்லோரும் பின்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து நஸ்ருன்னிசா ஒரு துண்டைச் சுருட்டி வீசினாள். அது சரியாக வேண்டிய இடத்தில் போய் விழுந்தது.

டாக்டர் அங்கத்தினர் நாடி பிடித்துப் பார்த்து, பயமில்லை என்றார். அனந்தராமனை உள்ளே கொண்டுபோய்த் துவட்டி, காப்பி கொடுத்து உட்காரவைத்தார்கள். கையோடு கமிட்டியும் கூடிற்று.

தட்டிக்குப் பின்னால் விசாலாக்ஷி தலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.  இத்தனை வருஷம் கழித்து உடம்பு முழுக்கத் தண்ணீர் பட்டிருந்தது. நஸ்ருன்னிசா தன் சால்வையை அவள் மேல் போர்த்திவிட்டாள்.

“விசாலம்மா, எனக்கும் இதே மாதிரி கத்துக் குடுக்கணும். சனிக்கிழம நெஜமா வந்துருவேன், பாத்துக்கங்க.”

“வாங்கோ. இனிமே யார் என்ன சொல்ல முடியும்?” என்றாள் விசாலாக்ஷி. அதை முழுக்க நம்பித்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது ஜட்காவில் அனந்தராமன் வாயே திறக்கவில்லை. மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று அவளுக்கு இரக்கம்கூட வந்தது. மத்தியானம் இலை போட்டு, மிளகு ரசம் வைத்து, சுடச்சுடப் பரிமாறினாள். இரண்டு கவளம் உள்ளே போனதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது.

“கமிட்டியில உனக்கு வந்தனம் சொல்லித் தீர்மானம் போட்டிருக்கா.”

“அப்படியா?”

“ஏகமனதா.” ரசத்தைப் பிசைந்தார். “இன்னொரு தீர்மானமும் இருக்கு. நீ சங்க உடை இல்லாம, புருஷாள் முன்னாடி குளத்துல இறங்கிட்டியோன்னோ? அது விதிக்கு விரோதம். சந்தர்ப்பத்தை உத்தேசிச்சு மன்னிச்சிருக்கா. ஆனா ஸ்திரீகளை இப்போ விட்டா கட்டுப்பாடு இருக்காதுன்னு ஜட்ஜ் அபிப்பிராயப்பட்டார். சனிக்கிழமையை ஒத்திவெச்சாச்சு.”

விசாலாக்ஷி கரண்டியோடு நின்றாள்.

“யார் பிரேரேபிச்சா?”

“ஜட்ஜ்.”

“யார் ஆமோதிச்சா?”

அனந்தராமன் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “செயலாளர்தானே ஆமோதிக்கணும்? அது சம்பிரதாயம்.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். காலையில் காலரைப் பிடித்து இழுத்தபோது இருந்த கனம்கூட இப்போது அந்த மனுஷனுக்கு இல்லை. இந்த மாதிரி ஆளிடமா இத்தனை நாள் ஒரு சனிக்கிழமையைக் கெஞ்சிக் கேட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“உடை விஷயம் என்னாச்சு?” என்று கேட்டாள்.

“உடையில தப்பில்லை. பிரசங்கத்துனாலதான் வந்ததுன்னு அபிப்பிராயம். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் பரீட்சை. நான்தான் இறங்கறேன். ஈயத்தை இன்னும் ரெண்டு வரிசை கூட்டித் தெச்சுடு.”

“தெச்சுடறேன்” என்றாள் விசாலாக்ஷி. “அன்னிக்கும் நான் வரணுமோன்னோ?”

“வராம? தட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கோ.”

“உக்காந்துக்கறேன். இந்தத் தடவை விதியை மீற மாட்டேன். நீங்க உள்ளே போனதும் நான் எழுந்து, பங்களாவுக்குள்ளே போய், புடவையை அவிழ்த்து மடிச்சு வெச்சுட்டு, சங்க உடையை மாட்டிண்டு, பித்தான் எல்லாம் போட்டுண்டு, நாடாவை முடிஞ்சுண்டு வரேன். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் உள்ளேயே இருங்கோ.”

அனந்தராமனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.  மூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் குளத்துத் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். கமிட்டிக்குச் சொல்ல ஏதாவது ஒரு காரணம் அவர் கண்டுபிடித்துக்கொள்வார், அதற்குத்தானே படித்திருக்கிறார்.

பிறகு, சின்னக் குரலில் கேட்டார்: “சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பங்களாச் சாவி வேணும்?”

“ஆறு மணிக்கு” என்று சொல்லிவிட்டு, விசாலாக்ஷி மோர் எடுத்து வர உள்ளே போனாள்.